அலுவலகத் தொலைபேசிக்கு எண் விதிகள்

ஓர் அலுவலகத்திற்குச் செல்கிறோம். வீட்டுக்கு அவசரமாக ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கைத்தொலைபேசியிலோ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைமேல் இருக்கும் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்துகிறோம், இணைப்புக் கிடைக்கவில்லை. "முதலில் ஒன்பதை அழுத்தவேண்டும்" என்கிறார் அங்கிருக்கும் எழுத்தர். அடுத்த அறையிலுள்ள கணக்கரை அழைக்க மூன்று எண்கள் போதும் என்கிறார். வெளிநாட்டுக்கு அழைக்க இந்தத் தொலைபேசி உதவாது என்றும் சொல்கிறார். இவற்றையெல்லாம் விதித்தவர்கள் யார்? தொலைபேசி நிறுவனத்தார் அல்லர். அந்த அலுவலகத்திற்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய விதிகள் இவை. அவ்விதிகளை எழுதும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நானோ தோட்டப் பள்ளி ஆசிரியன். தொலைபேசிப் பொறியியல் என் துறையன்று. ஆனால் இந்த வேலை இன்று பொறியாளரிடம் மட்டும் இருப்பதில்லை. இணைப்புப் பெட்டியை விற்க வருபவர், கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தரிடமோ பள்ளி அலுவலகத்திலோ ஒரு தாளை நீட்டி, "உங்களுக்கு எந்த எந்த எண் வேண்டும், யார் யார் வெளியே அழைக்கலாம், எழுதிக் கொடுங்கள்" என்கிறார். தாளை வாங்கியவர் பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். இதற்குப் பொறியியல் அறிவு அதிகம் வேண்டாம். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கத் தெரிந்தவர் எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் சிறிது வரலாறு. தொலைபேசி தோன்றிய காலத்தில் இணைப்பைக் கையால் செருகிக் கொடுக்கும் இயக்குநர்கள் இருந்தார்கள். இன்னாரோடு பேச வேண்டும் என்று அவரிடம் சொன்னால் போதும். மனிதர் மனிதரிடம் சொல்வதால் அப்போது விதிகள் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் பிணச் சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891இல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் ஐயுற்றதாகச் சொல்லப்படுகிறது. எப்படியாயினும், 1892இல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்னும் ஊரில் அக்கருவி வேலை செய்யத் தொடங்கியது. அக்கருவி வந்த இடங்களில், இயக்குநரிடம் சொல்லாமல் எண்ணை நாமே கருவிக்குச் சொல்லப் பழகினோம்.

பின்னாளில் வந்த சுழற்றும் தட்டை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1 என்ற துளையில் விரல் வைத்துச் சுழற்றினால் கம்பியில் மின்னோட்டம் ஒருமுறை துண்டிக்கப்படும். 5 என்றால் ஐந்து முறை. 0 என்றால் பத்து முறை. நிலையத்தில் இருந்த கருவி அத்துடிப்புகளை எண்ணிக்கொண்டே வந்தது. 1963இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி வந்தபோது, ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும் முறை வந்தது. இன்றைய இணையத் தொலைபேசிகளோ எண்களை நேராகவே செய்தியாக அனுப்பிவிடுகின்றன. முறைகள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. கருவி எண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகவே பார்க்கிறது. அடுத்து என்ன வரும் என்பது அதற்குத் தெரியாது.

இதை விளக்க நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கரும்பலகையில் நான் "கல்" என்று எழுதி நிறுத்துகிறேன். மாணவர்கள் "கல்" என்று படிப்பார்கள். உடனே "வி" என்று சேர்த்தால் அது கல்வி. "லூரி" என்று சேர்த்தால் கல்லூரி. "யாணம்" என்று சேர்த்தால் கல்யாணம். "கல்" என்பதை எழுதி முடித்த அந்த நொடியில், நான் எழுத வந்த சொல் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று மாணவனால் சொல்ல முடியுமா? முடியாது. நான் கையை எடுக்கும்வரை அவன் காத்திருக்கத்தான் வேண்டும்.

தொலைபேசிப் பெட்டியும் அவ்வாறே காத்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் மேலாளருக்கு 20 என்றும், பண்டகசாலைக்கு 201 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் அல்லவா, மரியாதைக்காகச் சின்ன எண் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் 2, 0 என்று அழுத்துகிறார். அவர் அழைப்பது மேலாளரையா, இன்னும் ஒரு 1 வரப்போகிறதா? பெட்டிக்குத் தெரியாது. நான்கு ஐந்து நொடி பொறுத்துப் பார்த்து, வேறு எண் வராவிட்டால்தான் மேலாளரின் தொலைபேசியை ஒலிக்கச் செய்யும். மேலாளரை அழைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து நொடிகளைக் கழிக்க வேண்டும். பண்டகசாலைக்கு அழைப்பவர் எண்ணைப் பார்த்துப் பார்த்து மெதுவாக அழுத்தினாலோ, அழைப்பு மேலாளரிடம் போய்விடும். மரியாதைக்குக் கொடுத்த எண் தொல்லையாகிவிடுகிறது. ஆகவே எந்த எண்ணும் மற்றோர் எண்ணின் தொடக்கமாக இருத்தல் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பாதிக் குழப்பம் தொலைந்துவிடும்.

அதற்கு எளிய வழி, முதல் எண்ணைப் பார்த்தவுடனேயே என்ன வகை அழைப்பு என்று தெரியும்படி பிரித்துவிடுவது. கற்பனையாக ஒரு கூட்டுறவு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் தலைமை அலுவலகம். முப்பது பேர் வேலை செய்கிறார்கள். தைப்பிங்கில் கிளை, அங்கே எட்டுப் பேர். தலைமை அலுவலகத்தின் உள் எண்கள் எல்லாம் 2இல் தொடங்கட்டும்; 201 முதல் 299 வரை. தைப்பிங் கிளை 3இல் தொடங்கட்டும். இரண்டும் இணையத்தின்வழி இணைக்கப்பட்டிருப்பதால், கோலாலம்பூரில் இருந்துகொண்டு 305 என்று அழுத்தினால் தைப்பிங்கில் மணி அடிக்கும். தொலைதூரக் கட்டணம் கிடையாது. நாளை இன்னொரு கிளை திறந்தால் 4 காத்திருக்கிறது. முப்பது பேர்தானே, இரண்டு இலக்கம் போதாதா என்று கேட்கலாம். இரண்டு இலக்கத்தில் 2 என்று தொடங்கும் எண்கள் பத்தே பத்து. ஆள் கூடியதும் எல்லா எண்களையும் மாற்ற வேண்டிவரும். அச்சடித்த கடிதத்தாளும் பெயர் அட்டையும் வீணாகும். மூன்று இலக்கமே நல்லது.

இனி வெளியழைப்புக்கு வருவோம். இங்கேதான் அந்த 9 வருகிறது. முன்னாளில் ஓர் அலுவலகத்தில் நாற்பது தொலைபேசிகள் இருந்தாலும் வெளியே செல்லும் கம்பிகள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். 9 என்றால் "எனக்கு ஒரு வெளிக்கம்பி கொடு" என்று பொருள். மேலும் அந்நாளில் ஒரே வட்டாரத்திற்குள் அழைக்கும்போது வட்டார எண் தேவையில்லை. கோலாலம்பூரில் இருந்துகொண்டு கோலாலம்பூருக்கு அழைக்க 03 வேண்டாம். நேராக உள்ளூர் எண்ணைச் சுழற்றலாம். உள்ளூர் எண் 2இலும் தொடங்கலாம், 4இலும் தொடங்கலாம். அலுவலக உள் எண்களும் அப்படியே. இரண்டையும் பிரித்தறியவே 9 என்ற வேலி தேவைப்பட்டது. அன்றைக்கு அது சரியான ஏற்பாடு.

இன்று நிலைமை வேறு. கைத்தொலைபேசியில் பழகிய நாம் எல்லோரும் முழு எண்ணையே அழுத்துகிறோம். மலேசியாவில் முழு எண்ணாக எழுதினால் அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு 03. அதன்பின் 8 இலக்கம், ஆக மொத்தம் 10. தைப்பிங், ஈப்போவுக்கு 05. பின் 7 இலக்கம், மொத்தம் 9. பினாங்கு, கெடா 04, நெகிரி செம்பிலான், மலாக்கா 06, ஜொகூர் 07, கிழக்குக் கரை 09, இவையெல்லாம் மொத்தம் 9 இலக்கம். சபா, சரவாக் எண்கள் 082, 088 போன்ற மூன்றிலக்கத்தோடு தொடங்கி 6 இலக்கம் பெறும்; அதுவும் 9தான். கைத்தொலைபேசிகள் 012, 016, 019 என்று தொடங்கினால் மொத்தம் 10. 011 என்றால் மட்டும் 11. வணிக நிறுவனங்களின் 1-300, 1-800 எண்கள் 10 இலக்கம். சிங்கப்பூருக்கு நம் நாட்டில் இருந்து 02 போட்டு அவர்களுடைய 8 இலக்க எண்ணைச் சேர்க்கலாம். விதி எழுதுவோர் பலர் மறந்துவிடுவது இந்த 02ஐத்தான். வெளிநாடுகளுக்கு 00.

எல்லாம் 0 அல்லது 1இல் தொடங்குகின்றன அன்றோ? நம் உள் எண்களோ 2, 3, 4 என்று தொடங்குகின்றன. இரண்டும் மோதவே இல்லை. அப்படியானால் இடையில் 9 எதற்கு? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 9ஐ அகற்றிவிட்டால், மேசைத் தொலைபேசியும் கைத்தொலைபேசியும் ஒன்றுபோல் வேலை செய்யும். தவறிப்போன அழைப்பின் எண் திரையில் 05 என்று தெரியும்போது, அதையே அழுத்தித் திரும்ப அழைக்கலாம். 9 தேவைப்படும் அலுவலகங்களில் அப்படி அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. வந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு முன்னால் 9 போட்டு மறுபடி அழுத்துவோர் உண்டு.

ஆனால் இருபது ஆண்டு 9 அழுத்திப் பழகிய விரல்கள் ஒரே நாளில் மாறமாட்டா. ஆகவே 9 போட்டு அழைத்தாலும் ஏற்றுக்கொள் என்று ஒரு விதி இருக்கட்டும்: 9க்குப்பின் 0 அல்லது 1 வந்தால் அந்த 9ஐக் கழித்துவிட்டு மற்றதை அனுப்பு. கணினியில் சேமித்த எண்ணைச் சொடுக்கி அழைப்பவர்களுக்கு எண் +60 என்று தொடங்கும். அதற்கும் ஒரு விதி, +60ஐ எடுத்துவிட்டு 0 சேர். இவ்வளவுதான்.

வரவேற்பாளருக்கு என்ன எண்? பல இடங்களில் 0. நம் திட்டத்தில் 0 என்பது வெளியழைப்பின் தொடக்கம். வரவேற்பாளருக்கு அதைக் கொடுத்தால் கல்லும் கல்வியும் கதையாகிவிடும். 012 என்று அழுத்தத் தொடங்கியவரின் அழைப்பெல்லாம் அவர் மேசையில் ஒலிக்கும். அவருக்கு 8 கொடுக்கலாம். வேறு எதுவும் 8இல் தொடங்காமல் பார்த்துக்கொண்டால், ஓர் எண் அழுத்தியவுடன் அவர் கிடைப்பார். 1இல் தொடங்கும் உள் எண்களையும், 6இல் தொடங்கும் உள் எண்களையும் தவிர்ப்பது நல்லது. 1-300, 1-800 மட்டுமன்றி, கைத்தொலைபேசியில் பலர் பழகிய 112 என்ற அவசர எண்ணும் 1இல் தொடங்குகிறது. 600 என்று தொடங்குபவை கூடுதல் கட்டணச் சேவைகள்.

இவ்விதிகளைப் பெட்டிக்குச் சொல்வது எப்படி என்று சிலர் அறிய விரும்பலாம். ஆஸ்டெரிஸ்க் என்ற ஒரு மென்பொருள் இருக்கிறது, மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் 1999இல் தொடங்கியது, இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எக்ஸ் என்ற எழுத்து 0 முதல் 9 வரை எந்த எண்ணையும் குறிக்கும். இசட் என்றால் 1 முதல் 9 வரை. என் என்றால் 2 முதல் 9 வரை. 2 என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு எக்ஸ் எழுதினால், 2இல் தொடங்கும் எல்லா மூவிலக்க எண்களும் அதில் அடங்கிவிடும். நம் இலக்கணத்தில் "ஈற்றெழுத்து மெய்யானால்" என்று ஒரே வரியில் நூற்றுக்கணக்கான சொற்களைச் சுட்டுவது போலத்தான். ஓர் எண் இரண்டு விதிகளுக்குப் பொருந்தினால், அதிகமாகக் குறிப்பிட்டுச் சொல்லும் விதியையே அது ஏற்கும். வேறு சில பெட்டிகளோ பட்டியலில் மேலே இருப்பதை ஏற்கும். எது என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் புள்ளி என்ற குறிக்கு "இதன்பின் எது வந்தாலும், எத்தனை வந்தாலும்" என்று பொருள். சோம்பேறிகளுக்கு மிகவும் பிடித்த குறி அது. 0 போட்டு ஒரு புள்ளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது; கதவும் திறந்து கிடக்கும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இலக்கங்களின் தொகையை நாம் முன்னே சரியாகச் சொல்லிவிட்டால் காத்திருப்பும் குறைகிறது. 05இல் தொடங்கினால் 9 இலக்கம் என்று பெட்டிக்குத் தெரியும். ஒன்பதாவது எண் விழுந்ததும் அனுப்பிவிடும். 00 மட்டும் விதிவிலக்கு. நாட்டுக்கு நாடு நீளம் வேறுபடும். நாட்டு எண்ணோடு சேர்த்து 15 இலக்கத்திற்கு மேல் போகாது என்பது உலகப் பொது விதி. அங்கே சற்றுக் காத்திருக்கலாம்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் இழப்பது நேரமும் பணமும். இனி நான் சொல்லப்போவதில் தவறு நேர்ந்தால் இழப்பது உயிர்.

999 என்ற எண் 1937இல் லண்டனில் தொடங்கியது. 1935இல் அங்கு விம்போல் தெருவில் நேர்ந்த ஒரு தீ விபத்தில் ஐவர் மாண்டனர். தீயணைப்புக்கு அழைத்தவர் நிலையத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவே இந்தத் தனி எண். 111 வைத்திருக்கலாமே என்றால், கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே 1 என்ற துடிப்பு விழுந்துவிடும். 9 அப்படித் தானாக விழாது. இருட்டிலும் புகையிலும் சுழற்றும் தட்டைத் தடவிப் பார்த்தே 9ஐக் கண்டுபிடிக்கலாம். பிரிட்டிஷார் வழியாக 999 நம் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. நம் நாட்டில் தீயணைப்புக்கு முன்பு 994 என்று தனி எண் இருந்தது. இப்போது எல்லாவற்றிற்கும் 999தான். சிங்கப்பூரில் போலீசுக்கு 999, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 995. அங்கே கிளை உள்ள அலுவலகத்தார் இதை மறக்கக் கூடாது.

எங்களைப் போன்ற ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணைச் சொல்லிக் கொடுக்கிறோம். "ஆபத்து என்றால் எந்த எண்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "ஒன்பது, ஒன்பது, ஒன்பது" என்று கத்தும். அமெரிக்காவில் 911 என்று கற்பிக்கிறார்கள். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், டெக்சஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரில், ஒரு தங்கும் விடுதியின் அறையில் காரி ஹண்ட் என்ற பெண்மணியை, அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவன் கத்தியால் குத்திக் கொலை செய்தான். அவருடைய ஒன்பது வயது மகள் அந்த அறையில் இருந்தாள். தாய் தாக்கப்படும்போது அந்தக் குழந்தை அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து, தனக்குக் கற்பித்திருந்தபடியே 911 என்று அழுத்தினாள். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நான்கு முறை அழுத்தினாள். அந்த விடுதியில் வெளியே அழைக்க முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும். அது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண்மணியின் தந்தை தளராமல் முயன்றார். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. காரியின் சட்டம் என்றே அதற்குப் பெயர். 2020 பிப்ரவரி முதல் அங்கே புதிதாக விற்கப்படும், நிறுவப்படும் பல்தொலைபேசி அமைப்பு எதிலும் 911 என்று நேராக அழுத்தினால் போக வேண்டும். முன்னால் எதுவும் கேட்கக் கூடாது. அப்படி ஓர் அழைப்புப் போனால், வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்திற்கு உடனே அறிவிப்பும் போக வேண்டும். அறிவிப்பு எதற்கென்றால், ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது எந்த மாடி, எந்த அறை என்று காட்ட ஒருவர் வேண்டுமே.

கவனியுங்கள், அந்த விடுதியின் கருவி பழுதாகவில்லை. கம்பி அறுந்துபோகவில்லை. எழுதியிருந்த விதிப்படியே அது சரியாக வேலை செய்தது. அங்கே வேலை செய்பவர்கள் 9 போட்டு அழைத்துக் கொண்டுதான் இருந்தார்கள். முதல் முறையாக அந்தத் தொலைபேசியைத் தொட்ட ஒரு சிறுமியைப் பற்றித்தான் விதியை எழுதியவர் நினைக்கவில்லை.

நம் கூட்டுறவு அலுவலகத்திற்குத் திரும்புவோம். 9 வேலி இருந்தால் 999 என்ன ஆகும்? முதல் 9 வெளிக்கம்பிக்குக் கழிந்துவிடும். மீதி 99 மட்டும் போய் அநாதையாக நிற்கும். நாம் 9ஐ அகற்றிவிட்டதால் 999 நேராகப் போகும். பழக்கத்தால் ஒருவர் 9 போட்டுப் பிறகு 999 அழுத்தினால் நான்கு ஒன்பதுகள் ஆகும். மூன்றாவது 9இலேயே பெட்டி அழைப்பை அனுப்பிவிட்டாலும் குற்றமில்லை. போகும் இடம் ஒன்றுதான். வேறு எந்த எண்ணும் 99 என்று தொடங்காதபடி நாம் அமைத்திருப்பதால், பெட்டி ஒரு நொடியும் தயங்க வேண்டியதில்லை. 112க்கும் இவ்வாறே ஒரு விதி எழுதி, அதையும் 999க்கே அனுப்பிவிடலாம்.

தைப்பிங் கிளையை மறந்துவிடக் கூடாது. எட்டுப் பேருக்குத் தனியாக வெளிக்கம்பி எதற்கு, எல்லா வெளியழைப்பும் கோலாலம்பூர் வழியாகவே போகட்டும் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. சாதாரண அழைப்புக்கு அது சரி. தைப்பிங்கில் ஒருவர் மயங்கி விழுந்து, அங்கிருந்து 999 அழைத்தால்? அழைப்புக் கோலாலம்பூர்க் கம்பி வழியாக வெளியேறும். அந்த இணைப்புக்கு உரிய முகவரியும் கோலாலம்பூர்தான். பதற்றத்தில் இருப்பவர் "நம் ஆபீசுக்கு உடனே வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டால் என்ன நேரும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே தைப்பிங்கிலிருந்து வரும் 999 தைப்பிங்கின் சொந்த இணைப்பிலேயே போக வேண்டும் என்று தனி விதி எழுதுங்கள். ஒரே ஒரு வெளியிணைப்பாவது கிளையில் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்தது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசும். இன்றைய பெட்டி, கண்ணாடி இழை இணைப்பு, மேசைத் தொலைபேசி யாவும் அலுவலகத்தின் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. புயலும் மழையும் சேர்ந்து வரும் மாலையில் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பது அதிகச் செலவன்று.

அடுத்தது, யார் யார் எங்கே அழைக்கலாம் என்பது. பெரும்பாலான அலுவலகங்களில் இது பதவி வரிசையைப் பார்த்தே எழுதப்படுகிறது. மேலாளருக்கு எல்லாம் திறந்திருக்கும், எழுத்தருக்கு உள்நாடு, காவலாளியின் தொலைபேசிக்கு ஒன்றுமே இல்லை. அவர் வீணாக அழைத்துவிடுவாராம். இரவு பன்னிரண்டு மணிக்குக் கட்டடத்தில் தீப்பிடித்தால் அங்கே விழித்திருப்பவர் அவர் ஒருவரே. எல்லாவற்றையும் அடைத்த தொலைபேசியில் 999ஐயும் சேர்த்து அடைத்துவிட்டால், அந்தத் தொலைபேசி எதற்கு? தடைகளைப் பார்ப்பதற்கு முன்பே 999 போய்விட வேண்டும். அந்த விதி தடைப்பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டும். சமையற்கட்டு, பண்டகசாலை, துப்புரவுப் பணியாளர் அறை எதுவாயினும் இதேதான்.

வெளிநாட்டு அழைப்பைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். 00 எல்லோருக்கும் அடைத்திருக்கட்டும். தேவைப்படும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். சிக்கனம் மட்டும் காரணமன்று. இணையத்தில் இணைந்த தொலைபேசிப் பெட்டிகளைத் தேடித் திரியும் திருடர்கள் இருக்கிறார்கள். 1234 என்ற கடவுச்சொல்லோடு இருக்கும் ஒரு பெட்டி அகப்பட்டால், வார இறுதி இரவுகளில், எவரும் பார்க்காத வேளையில், அதன் வழியாகத் தொலைநாடுகளில் உள்ள கட்டண எண்களுக்கு ஆயிரக்கணக்கில் அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. திங்கட்கிழமை காலையில் அலுவலகம் திறக்கும்போது எதுவும் தெரியாது. மாத இறுதியில் ரசீது வரும்போதுதான் தெரியும். முன்னர்ச் சொன்ன அந்தப் புள்ளி விதி இவர்களுக்குத் திறந்த கதவு. 0க்குப்பின் எதுவும் போகலாம் என்றால் 00வும் போகும் அல்லவா? ஆகவே இவை இவை போகலாம் என்று எண்ணி எழுதுங்கள். மற்றவை தாமாகவே நின்றுவிடும். இவை கூடாது என்று பட்டியல் போடத் தொடங்கினால், அதற்கு முடிவே இராது. வரும் அழைப்பை வெளியே உள்ள கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடும் வசதிக்கும் இதே தடை பொருந்த வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், திருடர்கள் விடுவதில்லை.

விதிகளை எழுதிப் பெட்டியில் ஏற்றியாயிற்று. சோதிப்பது எப்படி? எழுதியவரே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவருக்குத்தான் விடை தெரியுமே. அலுவலகத்திற்குப் புதிதாக வந்த ஒருவரை, அல்லது துப்புரவுப் பணி செய்யும் அம்மாவை அழைத்து, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், "உங்கள் வீட்டுக்கு அழையுங்கள், பிறகு வரவேற்பாளரை அழையுங்கள், பிறகு தைப்பிங்குக்கு அழையுங்கள்" என்று கேளுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பான எண் அழுத்தினால் என்ன கேட்கிறது என்றும் பாருங்கள். சில பெட்டிகளில் ஒன்றுமே கேட்காது, வெறும் அமைதி. அழைத்தவர் இணைப்பு வருகிறது என்று நம்பிக் காத்துக்கொண்டிருப்பார். "இந்த எண் இல்லை, வரவேற்பாளருக்கு எட்டை அழுத்துங்கள்" என்று மலாயிலும் தமிழிலும் ஒரு குரலைப் பதிவு செய்து வைப்பது அரைமணி நேர வேலை.

999ஐ மட்டும் விளையாட்டாகச் சோதிக்க வேண்டாம். அங்கே பதில் சொல்பவர்கள் உண்மையான ஆபத்துக்காகக் காத்திருக்கிறார்கள். விதியைச் சிறிது நேரம் மாற்றி, 999 போகும் இடத்தை உங்கள் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிட்டு, அலுவலகத்தின் ஒவ்வொரு தொலைபேசியிலிருந்தும் மூன்று முறை 9 அழுத்திப் பாருங்கள். காவலாளி மேடையிலிருந்தும், தைப்பிங்கிலிருந்தும். எல்லாம் உங்கள் கைத்தொலைபேசியில் ஒலித்தபின், திருப்பியதை மறக்காமல் பழையபடி வைத்துவிட்டு, அந்த நாளையும் உங்கள் பெயரையும் விதித்தாளின் அடியில் எழுதி, தாளைத் தொலைபேசிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.